சிங்கிள்டன் என்னும் சால்ஜாப்பு

பிஎச்பியில் நான்கைந்து கிளாஸ் எழுதத் தொடங்கிய எவரும் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு ஸ்கிரிப்ட் என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவுக்கு ஒரு கிளாஸ், ரசீதுக்கு ஒன்று, எஸ்எம்எஸ் அனுப்ப ஒன்று, நடந்ததை எழுதிவைக்கும் லாகருக்கு ஒன்று. டேட்டாபேஸ் கனெக்‌ஷன் ஒன்றுதான். இத்தனை ஆப்ஜெக்ட்டும் அதை எப்படிப் பகிர்ந்துகொள்வது? கேட்ட மாத்திரத்தில் பதில் வரும்: "குளோபல் வேரியபிள் வைக்காதே, சிங்கிள்டன் போடு." பயிற்சி வகுப்பில் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். நேர்முகத் தேர்வில் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

இந்தப் பதில் தவறு. ஓரளவு தவறு, சில இடங்களில் தவறு என்றெல்லாம் இழுக்க நான் தயாரில்லை. குளோபலின் கேடு என்று எதையெல்லாம் சொல்கிறார்களோ அத்தனையும் சிங்கிள்டனில் அப்படியே இருக்கிறது. குளோபலிடம் இல்லாத கேடு ஒன்றிரண்டு கூடவே சேர்கிறது. இன்னொன்றும் உண்டு. பொதுவில் இருக்கும் பொருளை எந்த வழியாக எட்டுவது என்பதிலேயே சண்டை முழுவதும் தீர்ந்துவிடுகிறது. எட்டிய பிறகு அதை யார் மாற்றலாம், அது எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்று கேட்பவர் குறைவு. ஸ்கிரிப்ட் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

குளோபல் மேல் உள்ள வழக்கு பழையது. 1968இல் 'கோ டூ' கட்டளைக்கு எதிராக டைக்ஸ்ட்ரா எழுதியதன் சாயலில், 1973இல் வில்லியம் வுல்ஃபும் மேரி ஷாவும் குளோபல் வேரியபிள் தீங்கானது என்று தலைப்பிலேயே அடித்துச் சொல்லி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் வாதத்தின் சாரம் எளிது. நிரலில் ஒரு துண்டைப் படிப்பவர், அது எதைத் தொடுகிறது, எதை மாற்றுகிறது என்பதை அந்தத் துண்டிலிருந்தே அறிய முடிய வேண்டும். வெளியே கிடக்கும் வேரியபிளில் உள்ளிருந்து கை வைக்கலாம் என்றால் அது முடியாது. மொத்தத்தையும் படித்தால்தான் ஒரு மூலை புரியும்.

இதே அளவுகோலைச் சிங்கிள்டன் மேல் வைத்துப் பாருங்கள். "நியூ ரசீது" என்று அடைப்புக்குறிக்குள் எதுவுமே இல்லாமல் ஒரு வரி. படிப்பவர் என்ன நினைப்பார்? இந்த ரசீதுக்கு வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை, தொகையைக் கூட்டித் தாளில் அடிக்கும் என்று நினைப்பார். உள்ளே போய், மூன்றாவது மெத்தடின் நடுவில், ஒரு இஃப்புக்குள் பார்த்தால் 'டேட்டாபேஸ்' கிளாஸின் 'கெட்இன்ஸ்டன்ஸ்' அழைப்பு உட்கார்ந்திருக்கிறது. பிஎச்பியின் குளோபலாவது இந்த அளவுக்கு ஒளியாது. ஒரு ஃபங்ஷனுக்குள் வெளி வேரியபிளைத் தொட வேண்டுமென்றால் 'குளோபல்' என்று எழுதிப் பெயரைச் சொல்லியாக வேண்டும். வழக்கமாக அது முதல் வரியில் இருக்கும்; கண்ணில் படும். சிங்கிள்டன் அதே குளோபல்தான், சட்டை மாட்டி உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். யாராவது முதலில் கூப்பிடும்போதுதான் கனெக்‌ஷன் திறக்கும் என்பதால், வரிகளின் வரிசையை மாற்றினாலே பிழை வேறு இடத்தில் முளைக்கும்.

இந்தப் பழக்கம் எப்படி ஊறியது என்பதற்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2000இல் வந்த பிஎச்பி 4இல் ஆப்ஜெக்ட்டை ஒரு வேரியபிளிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுத்தால் நகல்தான் போகும். ஒரு கூடை ஆப்ஜெக்ட்டை ஃபங்ஷனுக்கு அனுப்பி, உள்ளே ஒரு பொருளைச் சேர்த்துவிட்டு, வெளியே வந்து எண்ணினால் கூடை காலி. சேர்த்ததெல்லாம் நகலில். அதைத் தவிர்க்க ஒவ்வோர் இடத்திலும் 'அண்ட்' குறி போட்டு ரெஃபரன்ஸாகக் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். அந்தக் காலத்தில் ஒரே பொருளை எல்லாரும் பார்க்க வேண்டுமென்றால் பொது இடத்தில் வைத்து அங்கேயே போய் எடுப்பது புத்திசாலித்தனம். 2004 ஜூலையில் பிஎச்பி 5 வந்து இதைத் தீர்த்தது. அதற்குப் பிறகு ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தால் அதன் கைப்பிடிதான் போகிறது, எல்லார் கையிலும் ஒரே பொருள். காரணம் போய் இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. பழக்கம் மட்டும் பாடத்திட்டத்தில் தங்கிவிட்டது.

சிங்கிள்டனுக்குப் பெரிய இடத்துச் சிபாரிசும் உண்டு. 1994இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடஸ் நால்வரும் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலின் 23 வடிவங்களில் அது ஒன்று. நூலைக் காட்டி வாதாடுபவர்கள், பதினைந்து ஆண்டு கழித்து 2009இல் காமா ஒரு பேட்டியில் சிங்கிள்டனைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடலாம் என்றதை மட்டும் சொல்வதில்லை. அந்த வடிவம் இரண்டு சரக்கை ஒரே பொட்டலமாகக் கட்டியது. இந்தக் கிளாஸுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் இருக்க முடியும் என்பது ஒன்று. அதை எங்கிருந்தும் எடுக்கலாம் என்பது மற்றொன்று. நம்மவர்களுக்கு வேண்டியது இரண்டாவது மட்டும்தான். அதைக் கேட்கக் கூச்சப்பட்டு முதலாவதைக் காரணம் காட்டுகிறார்கள்.

முதலாவதாவது நமக்குத் தேவையா? இன்றைக்கு ஒரு கனெக்‌ஷன் போதும் என்றால் ஒன்றை உருவாக்கினால் தீர்ந்தது. இரண்டாவதை யாரும் எந்நாளும் உருவாக்கவே முடியாதபடி கதவைப் பூட்டி, கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட் ஆக்கி வைப்பது எதற்கு? பிஎச்பியே ஒரு காலத்தில் இந்த உபகாரத்தை நமக்குச் செய்து பார்த்தது. பழைய 'மைஎஸ்க்யூஎல் கனெக்ட்' ஃபங்ஷனை அதே சர்வர், அதே பெயர், அதே பாஸ்வேர்டோடு இரண்டாவது தடவை அழைத்தால் புதுக் கனெக்‌ஷன் தராது; ஏற்கெனவே திறந்ததையே திருப்பித் தரும். ஒரு சர்வரில் நடப்புக் கணக்கு ஒரு டேட்டாபேஸிலும் போன வருடக் கணக்கு இன்னொன்றிலும் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு வேரியபிளில் இரண்டு கனெக்‌ஷன் வாங்கியதாக எழுதியவர் நினைப்பார். இரண்டாவதில் பழைய டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்த கணமே முதலாவதும் அங்கே திரும்பிவிடும், ஏனென்றால் இரண்டும் ஒன்றுதான். அதற்குப் பிறகு வரும் பதிவெல்லாம் போன வருடக் கணக்கில் போய் விழும். நான்காவது இடத்தில் 'ட்ரூ' என்று தனியாகச் சொன்னால்தான் நிஜமாகவே புதிய கனெக்‌ஷன் கிடைத்தது. அந்த ஃபங்ஷன் இருந்த எக்ஸ்டென்ஷன் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0இல் நீக்கப்பட்டது. அதே தவறைக் கைப்பட எழுதிக்கொண்டிருக்கிறோம், டிசைன் பேட்டர்ன் என்ற பெயரில்.

சரி, வழியை விட்டு விஷயத்துக்கு வருவோம். கனெக்‌ஷன் என்பது வெறும் குழாய், அதில் நிலை என்று எதுவும் இல்லை, யார் பகிர்ந்தால் என்ன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பிஎச்பியில் டேட்டாபேஸோடு பேசப் பயன்படும் பிடிஓ கனெக்‌ஷனுக்குள் என்னென்ன இருக்கிறது? பிழை வந்தால் எக்ஸெப்ஷன் எறிவதா பேசாமல் இருப்பதா என்ற அமைப்பு, வரிசைகளை எந்த வடிவில் தருவது என்ற அமைப்பு, கடைசியாகச் செருகிய வரிசையின் எண், அந்தக் கனெக்‌ஷனுக்கு மட்டுமான தற்காலிக டேபிள்கள். எல்லாவற்றுக்கும் மேல், திறந்த நிலையில் ஒரு டிரான்ஸாக்‌ஷன் இருக்கிறதா இல்லையா என்பது.

மண்டபத்துக்குப் போவோம். முன்பதிவு கிளாஸ் டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்குகிறது, தேதியைப் பதிகிறது, ரசீது கிளாஸைக் கூப்பிடுகிறது, அதன் பிறகு முன்பணத்தைக் கணக்கில் ஏற்ற வேண்டும். ரசீதை எழுதியவர் வேறொருவர். அவர் பங்குக்கு அவரும் டிரான்ஸாக்‌ஷன் தொடங்கப் பார்த்தார். ஏற்கெனவே ஒன்று திறந்திருக்கிறது என்று பிடிஓ எக்ஸெப்ஷன் எறிந்தது. திறந்திருந்தால் தொடங்காதே என்று ஒரு இஃப் போட்டு அதை அடக்கினார். முடிவில் இருக்கும் கமிட்டுக்கு அந்த இஃப்பைப் போட மறந்தார். இப்போது ரசீது தன் வேலை முடிந்ததும் கமிட் செய்கிறது. முன்பதிவு திறந்து வைத்திருந்ததும் அதோடு மூடிவிடுகிறது. அடுத்து முன்பணப் பதிவில் ஏதோ பிழை. முன்பதிவு ரோல்பேக் சொல்கிறது. திறந்த டிரான்ஸாக்‌ஷனே இல்லை என்று பதில் வருகிறது. தேதி பதிவாகிவிட்டது, ரசீது எண் விழுந்துவிட்டது, பணம் மட்டும் கணக்கில் இல்லை. வைகாசி முகூர்த்த நாளாக இருந்தால் அந்த மண்டபத்து மேலாளர் நிலையை நினைத்துப் பாருங்கள்.

லாகர் இதைவிட வேடிக்கை. பிழை நடந்ததும் அதை டேட்டாபேஸில் ஒரு டேபிளில் எழுதிவைக்கிறது, அதே கனெக்‌ஷன் வழியாக. அடுத்த நொடி ரோல்பேக். பிழையின் சுவடும் அதோடு அழிகிறது. காலையில் வந்து லாகைத் திறந்தால் ஒரு குறையும் இல்லாத இரவு.

இந்த இரண்டுக்கும் சிங்கிள்டன் மருந்தாகாது. நேர்மையாகச் சொன்னால், கனெக்‌ஷனைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுப்பதும் தன்னளவில் மருந்தாகாது. ஆனால் அப்படிக் கொடுத்திருந்தால், இந்த ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கும் கோப்பில் ஒரே கனெக்‌ஷன் முன்பதிவுக்கும் ரசீதுக்கும் லாகருக்கும் போகிறது என்பது மூன்று வரியில் அடுத்தடுத்துத் தெரியும். தெரிந்தால் கேள்வி வரும்: லாகருக்கு ஏன் இதே கனெக்‌ஷன், தனியாக ஒன்று கொடுக்கலாமே, இல்லையென்றால் கோப்பில் எழுதட்டுமே? சிங்கிள்டன் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க இடமே இல்லை. வேறொன்றைக் கொடுக்கும் வாசல் அடைபட்டிருக்கிறது. டிரான்ஸாக்‌ஷனுக்கு வேண்டியது ஓர் ஒப்பந்தம். தொடங்குவதும் முடிப்பதும் வெளியே இருக்கும் ஸ்கிரிப்ட்டின் வேலை. உள்ளே இருக்கும் எந்தக் கிளாஸும் கமிட் என்ற சொல்லையே உச்சரிக்காது. எல்லாரும் படிக்கலாம், ஒருவர்தான் முடிவெடுக்கலாம் என்பதை எந்த வடிவமும் தானாக நடத்தித் தராது.

வழியும் விஷயமும் வேறு வேறு என்பதற்கு இன்னும் பச்சையான சான்று தேதி. குளோபல் இல்லை, சிங்கிள்டன் இல்லை, எல்லாமே முறையாகக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகப் போகிறது. 'டேட்டைம்' கிளாஸில் ஒரு திருமணத் தேதியை உருவாக்கி முன்பதிவுக்கும் ரசீதுக்கும் கொடுக்கிறோம். மண்டபத்தைக் காலி செய்யும் நாள் மறுநாள் என்பதால் முன்பதிவு அந்தத் தேதி மேல் 'மாடிஃபை' போட்டு ஒரு நாள் கூட்டிக்கொள்கிறது. கூட்டியது தன் கையில் உள்ளதைத்தான் என்று அது நினைக்கிறது. ரசீது கையிலும் அதே ஆப்ஜெக்ட். அச்சாகி வரும் ரசீதில் கல்யாணம் ஒரு நாள் தள்ளிப்போயிருக்கிறது. பிஎச்பி 4இல் பகிர வேண்டும் என்று நினைத்தது பகிரப்படாமல் போனது. 5இலிருந்து, பகிர்கிறோம் என்று யாரும் நினைக்காததும் பகிரப்படுகிறது. இதற்காகவே 2013இல் பிஎச்பி 5.5, 'டேட்டைம்இம்யூட்டபிள்' என்ற கிளாஸைக் கொண்டுவந்தது. அதில் ஒரு நாள் கூட்டினால் புதிய ஆப்ஜெக்ட் வரும், பழையது அசையாது. அப்படி ஒரு தேதியை நூறு ஆப்ஜெக்ட் பகிரட்டும், குளோபலில் வைத்தே பகிரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

மாறாத பொருளைத் தாராளமாகப் பகிரலாம்: கட்டணப் பட்டியல், மண்டபத்தின் பெயர் முகவரி, ஜிஎஸ்டி விகிதம். 2021இல் பிஎச்பி 8.1 கொடுத்த 'ரீட்ஒன்லி' இதற்குக் கைகொடுக்கும். அதிலும் ஒரு ஓட்டை இருப்பதைச் சொல்லியாக வேண்டும். ரீட்ஒன்லி பிராப்பர்ட்டியில் வேறு ஆப்ஜெக்ட்டை வைக்க முடியாது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட் தன் வயிற்றுக்குள் மாறுவதை அது தடுக்காது. ரீட்ஒன்லியில் பழைய டேட்டைமை வைத்தால் கல்யாணம் மறுபடியும் தள்ளிப்போகும்.

இனி எதிர்ப்புகள். கன்ஸ்ட்ரக்டரில் ஆறேழு ஆர்குமென்ட் வரிசையாக நிற்கும், எழுதிச் சலித்துவிடும் என்பார்கள். எழுத்துச் சுமை 2020இல் பிஎச்பி 8.0 வந்தபோதே குறைந்துவிட்டது. கன்ஸ்ட்ரக்டரின் அடைப்புக்குள்ளேயே பிராப்பர்ட்டியை அறிவித்துவிடலாம். ஆனால் ஏழு நிற்கிறதே என்றால், அந்தக் கிளாஸ் ஏழு பேரை நம்பிப் பிழைக்கிறது என்று அர்த்தம். அந்த உண்மையைக் கன்ஸ்ட்ரக்டர் வாசலில் எழுதி மாட்டுகிறது. பலகையைக் கழற்றி உள்ளே வைத்தால் ஆள் எண்ணிக்கை குறையாது.

நேர் எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஒரு கூட்டம் வரும். சிங்கிள்டன் தவறுதான், டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் கன்டெய்னர் போடுங்கள் என்பார்கள். மார்ட்டின் ஃபௌலர் 2004இல் அந்தப் பெயரைப் பரப்பிய கட்டுரை நல்ல கட்டுரை. நூற்றுக்கணக்கான கிளாஸ் உள்ள அமைப்பில் கன்டெய்னருக்கு வேலை இருக்கிறது. நான்கு கிளாஸ் உள்ள மண்டபத்து ஸ்கிரிப்ட்டில், இன்டெக்ஸ் கோப்பின் தலையில் பத்து வரி 'நியூ' எழுதினால் அதுவே கன்டெய்னர். அதை வாங்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு கிளாஸுக்கும் கன்டெய்னரையே கையில் கொடுத்து, வேண்டியதை நீயே எடுத்துக்கொள் என்பவர்களையும் காண்கிறோம். அங்கே குளோபல் மூன்றாவது அவதாரம் எடுத்திருக்கிறது.

கொஞ்சம் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. பிஎச்பியில் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் வெறுங்கையோடு பிறந்து, பக்கத்தைக் கொடுத்துவிட்டுச் செத்துவிடுகிறது. அரை நொடி வாழும் ஸ்கிரிப்ட்டில் குளோபல் இருந்தால் என்ன கெட்டுவிடும்? அந்த வாழ்நாள் சிறிதாக இருப்பது பிஎச்பியின் ஆகப் பெரிய நற்குணம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெடுவதற்கு அரை நொடி தாராளம். வேர்ட்பிரஸில் 'போஸ்ட்' என்று ஒரு குளோபல் இருக்கிறது, இப்போது காட்டப்படும் பதிவு எது என்பதைச் சொல்வது. கட்டுரைக்குக் கீழே "தொடர்புடைய பதிவுகள்" என்று இன்னொரு லூப் ஓட்டினால் அந்த லூப் ஒவ்வொரு சுற்றிலும் அதே குளோபலை மாற்றி எழுதும். முடிந்ததும் 'ரீசெட் போஸ்ட்டேட்டா' சொல்லிப் பழையபடி வைக்க வேண்டும். மறந்தால், அதற்குக் கீழே வரும் பின்னூட்டப் பகுதி வேறொரு பதிவின் பின்னூட்டங்களைக் காட்டும். வேர்ட்பிரஸ் தீம் எழுதியவர்களில் இதில் ஒரு முறையாவது மாட்டாதவர் அபூர்வம்.

அந்த அரை நொடியும் இப்போது உத்தரவாதம் இல்லை. லாரவெல் ஆக்டேன், ஃபிராங்கன்பிஎச்பியின் ஒர்க்கர் முறை போன்றவற்றில் பிஎச்பி புராசஸ் சாவதில்லை. ஒரு ரிக்வெஸ்ட் முடிந்ததும் அடுத்ததை வாங்கிக்கொள்கிறது. ஸ்டாட்டிக் பிராப்பர்ட்டியில் வைத்தது அங்கேயே கிடக்கும். நோட் ஜேஎஸ் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான்: மாட்யூலின் தலையில் 'இப்போதைய பயனர்' என்று ஒரு வேரியபிள் வைத்தால், அந்த சர்வருக்கு வரும் அத்தனை பேருக்கும் அது ஒன்றே. ஒருவர் டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும்போது இன்னொருவர் உள்ளே நுழைந்து அதை மாற்றுவார். முதலாமவருக்கு இரண்டாமவரின் பக்கம் போகும். தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால்தான் தெரியும்.

இப்படி நடக்குமா என்று கேட்பவர்களுக்கு 2023 மார்ச் 20 இருக்கிறது. அன்று சாட்ஜிபிடியில் சிலருக்கு அடுத்தவரின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. ஓபன்ஏஐ சேவையையே நிறுத்திவைத்து, பிறகு காரணத்தை வெளியிட்டது. பைத்தானில் ரெடிஸுடன் பேசும் லைப்ரரியில் ஒரு பிழை. கனெக்‌ஷன்கள் பொதுவில் பகிரப்பட்டவை. கேள்வி உள்ளே போன பிறகு, பதில் வெளியே வருவதற்குள் ஒரு ரிக்வெஸ்ட் ரத்தானால், அந்தப் பதில் கனெக்‌ஷனிலேயே தங்கிவிடும். அடுத்து அதை எடுப்பவர் கைக்குப் போகும். ஒன்பது மணி நேர இடைவெளியில் இயங்கிய பிளஸ் சந்தாதாரர்களில் 1.2 சதவீதத்தினரின் கட்டண விவரங்கள் மற்றவர் கண்ணில் பட்டிருக்கலாம் என்றும் அந்நிறுவனம் சொன்னது. அது சின்ன ஸ்கிரிப்ட் இல்லைதான். ஆனால் அங்கே கனெக்‌ஷனை எந்த வழியாக எட்டினார்கள் என்பது பொருட்டாகவே இல்லை. பகிர்ந்த பொருளில் ஒருவர் விட்டுப்போன மிச்சம் அடுத்தவருக்குப் போனதுதான் விவகாரம்.

குளோபலே கூடாதா என்றால், அப்படியும் நான் சொல்லவில்லை. ஃபங்ஷனே இல்லாமல் மேலிருந்து கீழே ஓடும் நாற்பது வரிக் கோப்பில் எல்லாமே குளோபல்தான், அதில் ஒரு பாவமும் இல்லை. வேர்ட்பிரஸ் பிளகின் எழுதினால் 'டபிள்யூபிடிபி' என்ற குளோபலைத் தொடாமல் இருக்க முடியாது. பிளகினின் முதல் கோப்பில் ஒரே ஒரு முறை அதை எடுத்து, உள்ளே இருக்கும் கிளாஸ்களுக்குக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்துவிட்டால் அந்தக் குளோபல் வாசலோடு நின்றுவிடும்.

கடைசியாக, சின்ன ஸ்கிரிப்ட்டுக்கு யாரும் டெஸ்ட் எழுதுவதில்லை, டெஸ்டுக்கு வசதி என்ற உங்கள் வாதம் எங்களுக்கு எதற்கு என்று கேட்பார்கள். டெஸ்ட் பற்றி இதுவரை நான் வாயே திறக்கவில்லை. கிரான் பற்றிக் கேட்கிறேன். எந்த மண்டபத்துக்காரரும் சில மாதத்தில் கேட்கப்போவது இது: நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் பாக்கித் தொகைக்கு நினைவூட்டல் தானாகப் போக வேண்டும், ரசீதுக்கான இணைப்போடு. அதே ரசீது கிளாஸைக் கட்டளை வரியிலிருந்து இரவில் ஓட்ட வேண்டும். அங்கே பிரவுசர் இல்லை, செஷன் இல்லை, எந்தத் தளத்துக்கு வந்த ரிக்வெஸ்ட் என்று சொல்லும் 'எச்டிடிபி ஹோஸ்ட்' இல்லை. தளத்தின் முகவரியைக் கன்ஸ்ட்ரக்டரில் கேட்டு வாங்கும் ரசீதுக்குக் கிரான் கோப்பிலிருந்து அதை ஒரு வரியில் கொடுத்துவிடலாம். கிளாஸில் ஓர் எழுத்தும் மாறாது. முகவரியை ஒரு 'செட்டிங்ஸ்' சிங்கிள்டனிடமிருந்து எடுக்கும் ரசீதோ, அந்தச் சிங்கிள்டன் அதை 'சர்வர்' அரேயிலிருந்து எடுக்கிறது என்பதை அறியாது. பிஎச்பி 8 ஒரு வார்னிங்கை யாரும் பார்க்காத இடத்தில் எழுதிவிட்டு மேலே ஓடும். பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எஸ்எம்எஸ் போகும், இணைப்பில் தளத்தின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக.